ஆதிநங்கையாரைத் தேடித் தருமாறு

கடம்பறை நாடு மழை பொய்யாது வாழ்க. அதன் கணவாய்கள் எட்டும் பகை காணாது நிற்க. மலைநாடர் கோமான், வேங்கைக் கொடியோன், வேந்தர் மாவிண்ணனார் திருமுன்பு, மருதவெளி நாட்டு அரசர் நெடுஞ்சேந்தனாரின் முதலமைச்சன் நக்கன் கொற்றன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை.

தங்கள் படை எல்லை ஆற்றின் அக்கரையில் இறங்கியிருப்பதை அறிந்தோம். தங்கள் தங்கையாராகிய எம் அரசி ஆதிநங்கையாரின் வலக்கை மணிக்கட்டு முறிந்தது மெய். முறித்தது எம் அரசர் கை என்பதும் மெய். நடந்ததை நடந்தபடி எழுதுமாறு அரசியாரே பணித்தார். எழுதி முடித்த ஏடுகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு இடங்களில் திருத்தவும் செய்தார்.

சென்ற ஐப்பசியில் பேரேரி நிறைந்து தளும்பியபோது, மதகைப் பார்வையிடச் சென்ற அரசரின் தலையில் பலகையொன்று கயிறறுந்து விழுந்தது. பதினொரு நாள் அவர் கண் திறக்கவில்லை. அத்தனை நாளும் கட்டிலருகை விட்டு நகராமல், துணியைக் கஞ்சியில் நனைத்து அவர் உதட்டில் பிழிந்துகொண்டிருந்தவர் அரசியார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அரசர் விழித்தார். அமைச்சனாகிய என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். கரை தாங்கிற்றா என்று வினவினார். அரண்மனையே மூச்சு விட்ட அவ்வேளையில் அரசியார் குனிந்து அவர் நெற்றியில் கை வைத்தார். அரசர் அந்த முகத்தை நெடுநேரம் நோக்கினார். பின்பு மரியாதை குறையாமல், “அம்மா, தாங்கள் யார்? தேவியைப் போலவே இருக்கிறீர்கள். அவளை வரச் சொல்லுங்கள்” என்றார்.

மயக்கம் தெளியவில்லை என்று எண்ணி அரசியார் சிரித்தார். அன்று மாலையும் அதே சொல். மறுநாளும் அதே சொல். மற்றெல்லாவற்றிலும் அரசரின் அறிவில் மாசில்லை. கார்த்திகையில் இரண்டு ஊரார் வாய்க்கால் நீருக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது, பதினாறு ஆண்டுக்கு முன்பு தாம் சொன்ன தீர்ப்பை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லி இரு தரப்பையும் அமைதியாக அனுப்பினார். இத்தகைய அரசரைப் பித்தர் என்று எந்த அவை சொல்லும்?

தம்மை மெய்ப்பிக்க ஒரு வழியே இருக்கிறது என்று அரசியார் கருதினார். அவர்களுக்குப் பிறந்து ஒன்பதாம் நாள் இறந்த முதல் மகவுக்கு, இருவரும் தமக்குள் ஒரு பெயர் இட்டிருந்தனராம். அதை வேறு எவரும் கேட்டதில்லை. அரசியார் அரசர் காலடியில் அமர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார்.

அரசரின் முகம் வெளுத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அவளை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். “உயிர் போனாலும் அவள் அதைச் சொல்லமாட்டாள். என்ன வதை செய்து அவள் வாயிலிருந்து பிடுங்கினீர்கள்?”

அதன்பின் அரசியார் மூன்று நாள் உணவு கொள்ளவில்லை.

மருத்துவர் அரையன் சாத்தனார் அவையில் தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் கூறினார். முகத்தை அறிவது கண். அறிந்த முகத்தைக் கண்டு நெகிழ்வது வேறொன்று. அரசருக்கு அவ்விரண்டையும் இணைத்த இழை அறுந்துவிட்டது. பார்க்கிறார், நெஞ்சு அசையவில்லை. அசையாததற்குத் தம் நெஞ்சைக் குறை சொல்ல மனத்தால் இயலாது. ஆகவே எதிரே நிற்பவளைப் பொய்யென்கிறது. எல்லார் மனமும் அப்படித்தான் செய்யும் என்றும், இதற்கு மருந்து தாம் கற்ற எந்தச் சுவடியிலும் இல்லை என்றும் சொல்லி அவர் அமர்ந்தார்.

தை மாதத்தில் ஒருநாள் திடீரென மழை தூறிற்று. அடுத்த அறையிலிருந்த அரசியார், “சாளரத்தை மூடடி, ஏடெல்லாம் நனைகிறது” என்று பணிப்பெண்ணிடம் சொன்னார். அரசர் எழுந்து நின்றார். “நங்கை” என்று அழைத்தார். விழித்த நாள்முதல் அந்தக் குரலில் அவர் யாரையும் அழைத்ததில்லை. அரசியார் ஓடி வந்து வாசலில் நின்றார். கண்டதும் அரசரின் முகம் அணைந்துவிட்டது. “மறுபடியும் நீங்களா?” என்றார்.

விழிக்குள் செல்லாத வழி செவிக்குள் திறந்திருந்தது. அன்றுமுதல் இரண்டு திங்கள் அரசியார் திரைக்குப் பின்னேயே வாழ்ந்தார். நாள்தோறும் இருவரும் பேசினர். அரசர் முன்போலச் சிரித்தார். ஒருநாள் அரசியார் இவ்வோலை வரையும் அமைச்சனிடம், “இப்படியே கிழவியாகிவிடலாம் கொற்றனாரே, எனக்கு இது போதும்” என்றார். அது உண்மையன்று என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அரசருக்கும் போதவில்லை. ஏன் முகம் காட்டமாட்டேன் என்கிறாய், யார் உன்னை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, பங்குனி முதல் வாரத்தில் தேவியை மீட்கும் வெறியோடு திரையைக் கிழித்தார். உள்ளே அவர் கண்டது அந்தப் பொய்யுருவை. “அவளை எங்கே ஒளித்தாய்?” என்று கையைப் பற்றி முறுக்கினார். எலும்பு முறிந்த ஓசை வாயிற்காவலர்க்குக் கேட்டது. அரசியார் வலியில் வாய் திறக்கவில்லை. தம் அலறலைக் கேட்டால், தேவியை யாரோ வதைப்பதாக அரசர் துடிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டதாகப் பின்னர்ச் சொன்னார்.

அரசியைப் போல வேடமிட்டவளுக்கு எம் நாட்டுச் சட்டத்தில் கொலைத் தண்டனை. அவையோர் யாவரும் அரசர் காலில் விழுந்து அதை நாடுகடத்தலாகக் குறைத்தோம். சட்டத்தை மீறிப் படையைத் திரட்டி அரசரைச் சிறைவைக்கவும் சிலர் முன்வந்தனர். அரசியார் அதை ஒப்பவில்லை. கண்ணாடியின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்துவிட்டு, “இருபது ஆண்டு அவர் பார்த்த பார்வையில்தான் நான் இருந்தேன் போலும். இப்போது இதைப் பார்த்தால் எனக்கே யாரென்று ஐயமாக இருக்கிறது. என்னை அண்ணனிடம் அனுப்பிவிடுங்கள்” என்றார்.

ஆகவே வேந்தே, இவ்வோலையுடன் இரண்டு பல்லக்குகள் வருகின்றன. மூடிய பல்லக்கில் வருபவர், எம் ஏடுகளின்படி பெயரற்ற ஒரு பெண், தங்களுக்கு உடன்பிறந்தார். கொடி கட்டிய மற்றொன்றில் எவரும் இல்லை. அதனுடன் அரசரின் ஆணை வருகிறது: “நம் தேவி ஆதிநங்கை தன் பிறந்த நாட்டில் எங்கோ இருக்கிறாள் என்று நம் உள்ளம் சொல்கிறது. மைத்துனர் தேடித் தருக. அவளை ஏற்றாமல் இப்பல்லக்குத் திரும்பலாகாது.”

சுமந்து வரும் எண்மரும் அதன் பொருள் அறிந்தே புறப்பட்டனர். வீட்டாரிடம் விடைபெற்றாயிற்று. அவர்களுக்குத் தங்கள் மண்ணில் குடியிருக்க இடம் தருக. படையை அக்கரையினின்று எழுப்புக. பழி தீர்க்க இங்கே பகைவர் எவருமில்லை.

அரசியாரின் வேண்டுதல் ஒன்றே. அவர் இறந்தாரென்று எழுதலாகாது, அரசர் உயிர் தரியார். கிடைத்தாரென்றும் எழுதலாகாது, அரசர் தாமே புறப்பட்டு வருவார். ஆண்டுக்கு ஒரு முறை, அரசியாரின் எழுத்தை அரசர் அறிவாராதலின் வேறொருவர் கையெழுத்தில், ‘இன்னும் தேடுகிறோம்’ என்று மட்டும் மறுமொழி விடுக.

இது மருதவெளியின் நாரை முத்திரை இட்ட ஓலை. அரசரின் ஆணை மேலே. அரசியாரின் ஆணை அதன் கீழே. இரண்டுக்கும் பணிந்து கட்டியவன், நக்கன் கொற்றன்.