தேனிலவுக்கு மூன்று பேர்

அத்தை,

மதியத்திலிருந்து நல்ல மழை. மலை இருக்கிற இடமே தெரியவில்லை. தெருவில் திரியும் செவலை நாய் ஒன்று திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துக்குள் வந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டது. வீடு முழுக்க நனைந்த நாயின் வாடை. அது மூக்கில் ஏறியதும் என் கை தானாகத் துடைப்பத்தைத் தேடியது. “வாசப்படி எதுக்குன்னு கட்டி வச்சிருக்கு?” என்ற உங்கள் குரல் அப்படியே காதில் விழுந்தது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது, குரல் மட்டும் போகமாட்டேன் என்கிறது. துடைப்பத்தை மூலையிலேயே வைத்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். நாய் தூங்குகிறது.

சமாதானம் பேச இதை எழுதவில்லை. ஜிம்மி விஷயத்தில் நான் செய்த எதற்கும் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தெட்டு தை மாதம் எங்கள் கல்யாணம். அடி அண்ணாமலையிலிருந்து மாட்டுவண்டியில் என் சீர் வந்து இறங்கியது. கட்டில், பீரோ, பித்தளை அண்டா, அண்டாவுக்குப் பக்கத்தில் கயிற்றோடு ஜிம்மி. கிரிவலப் பாதையில் பஸ் ஏறி ஒரு முன்னங்கால் போன கறுப்பு நாட்டு நாய். அப்பா இறந்துவிட்டார், அம்மா அண்ணனோடு மெட்ராஸ் வாடகை வீட்டுக்குப் போகிறாள், ஜிம்மிக்கு என்னை விட்டால் யாருமில்லை. தெருவே கூடிச் சிரித்தது. “பொண்ணு ஊட்ல சீருக்கு நாய் குடுத்துக்கிறாங்கப்பா!” அந்தச் சிரிப்பு உங்களுக்குக் கடைசிவரை செரிக்கவில்லை. எனக்கு அது புரிந்தது. புரிந்தது என்பதற்காக நாயைத் தெருவில் விட முடியுமா?

பங்குனிக் கடைசியில் உங்கள் மகனுக்கு ஒரு வாரம் லீவு உண்டு என்று மாசியிலேயே தெரிந்தது. ஏற்காடு போகலாம் என்றார். தேனிலவு என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, “ஊர் சுத்தப் போறாங்க” என்பீர்கள். அன்று அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னீர்கள்.

“தாராளமா போய்ட்டு வாங்க. திரும்பி வர்றப்ப அந்த நாய் இங்க இருக்காது. கீழ்பென்னாத்தூர் ஆளுகிட்ட சொல்லிட்டேன். நெலத்துக்கு இட்டுனு போய்டுவான்.”

அந்த நிலத்துக் காவல் நாய்களை நான் பார்த்திருந்தேன். மூன்று கால் நாயை அவை ஒரு வாரம்கூட விட்டுவைக்காது. உங்களுக்கும் அது தெரியும். மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். உங்கள் மகன் உத்தரத்தைப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அப்ப ஜிம்மியும் எங்களோட வரும் அத்தை.”

“எங்க, தேனிலவுக்கா?” என்றீர்கள். அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்ததில் மாமாவின் பேப்பரே ஒரு அங்குலம் இறங்கியது.

பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் நடந்தது தபால் யுத்தம். பத்தாவது படித்துக்கொண்டிருந்த உங்கள் மகள் வசந்தாவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள்தான் ஒவ்வொரு லாட்ஜுக்கும் பதில் கார்டு இணைத்து எழுதினாள். ‘நாங்கள் புதுமணத் தம்பதிகள். எங்களுடன் ஒரு நாயும் வரும். அறை கிடைக்குமா?’ ஏற்காட்டிலிருந்து ஒருவர் விளையாடுகிறீர்களா என்று கேட்டு எழுதினார். ஊட்டியிலிருந்து வந்த பதிலில், நாய் என்ன ஜாதி, அல்சேஷனோ பொமரேனியனோ என்றால் பரிசீலிக்கலாம் என்றிருந்தது.

“அண்ணி, ஜெர்மன் நாய்னு எழுதிடலாமா?” என்றாள் வசந்தா.

“நாட்டு நாய், மூணு காலு. அப்படியே எழுது” என்றேன். ஊட்டி பிறகு பதில் போடவில்லை.

கடைசியில் வழி காட்டியது ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரம்மா. தினமும் செங்கம் ரோட்டில் தன் நாயோடு நடப்பார். உங்கள் மகன் தன் இங்கிலீஷை எல்லாம் திரட்டிப் போய்க் கேட்டார். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரின் விதவை பின்கட்டு அறையை வாடகைக்கு விடுகிறார், அவரிடமே நான்கு நாய்கள் என்று அந்தம்மா முகவரி எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் பதில் வந்தது: ‘மூன்று பேரும் வரலாம்.’ அந்தக் கார்டை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். “பாண்டிக்கா? இங்க மதுவிலக்கு இருக்கறப்ப ஆம்பளைங்க பாண்டிக்கு எதுக்குப் போறாங்கன்னு ஊருக்கே தெரியும். எம் மானம் போச்சு.” காபியிலேயே பாதி தண்ணீர் கலந்து குடிக்கிற மனிதர் உங்கள் மகன்.

பயணத்துக்கு முதல் நாள், ஜோடியாக மலை சுற்ற வைப்பதாக ஒரு வேண்டுதல் இருப்பதாகத் திடீரென்று உங்களுக்கு நினைவு வந்தது. விடியும்போதே கிளம்பவேண்டும், நீங்களும் கூட வருவீர்கள். வசந்தா என் காதில் கிசுகிசுத்தாள். “அண்ணி, காலைல அந்தக் கீழ்பென்னாத்தூர் ஆளு வர்றாரு.”

அவர் வந்தபோது வீட்டில் நாய் இல்லை. ஜிம்மி எங்களோடு மலை சுற்றிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவை, வெறுங்கால், ஒரு கையில் நாய்க்கயிறு. நீங்கள் பத்தடி முன்னால் யாரோ மாதிரி நடந்தீர்கள். அடி அண்ணாமலை வந்ததும் ஜிம்மி பூட்டிக் கிடந்த எங்கள் பழைய வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டது. இழுத்தால் வரவில்லை. நீங்கள் திரும்பி வந்தீர்கள்.

“அதோட எடம் அதுக்கே தெரியுது பாரு. வுட்டுட்டு வா.”

அந்தக் கதவுக்குப் பின்னால் யாருமில்லை என்று நாய்க்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்கு அழுகை முட்டியது. உங்கள் முன்னால் அழுவதில்லை என்று வைத்திருந்தேன். குனிந்து ஜிம்மியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு உங்களைத் தாண்டி நடந்தேன். கொஞ்ச தூரத்தில் உங்கள் மகன் வாங்கிக்கொண்டார். எதிரே வந்த வெளியூர் அம்மாள் ஒருத்தி பதறிக் கைகூப்பி, “பைரவரையே தூக்கினு வர்றீங்களே” என்று ஜிம்மியின் நெற்றியில் திருநீறு பூசி, யார் வீட்டு நாய் என்று கேட்டாள். பத்து பேர் நின்று பார்த்தார்கள். நீங்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னீர்கள். “எங்க ஊட்டு நாய்தான்.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்று உங்கள் மகனிடம் உரக்கச் சொன்னேன். நீங்கள் நடையை எட்டிப் போட்டீர்கள்.

மறுநாள் ரயிலில் ஜிம்மி, கொடி காட்டும் கார்டின் பெட்டியில் இருந்த நாய்க்கூண்டில் போயிற்று. நின்ற ஸ்டேஷனிலெல்லாம் புது மாப்பிள்ளை இறங்கி ஓடி நாயைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் ஆசை வந்தது. பாண்டிச்சேரியில் அலையைப் பார்த்துக் குரைத்துக் குரைத்து ஜிம்மிக்குத் தொண்டை கட்டியது. வேறென்ன நடந்தது என்று மாமியாருக்கு எழுத முடியாது.

திரும்பி வந்த அன்று வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றீர்கள். முதல் பயணம் போய்வந்த ஜோடிக்குச் சுற்றாமல் வீட்டுக்குள் விடமாட்டீர்கள்.

“நாயி அப்பால நிக்கட்டும்.”

“மூணு பேரா போனோம். மூணு பேருக்கும் சுத்துங்க. இல்லன்னா மூணு பேரும் இங்கயே நிக்கிறோம்.”

தெருக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். வெயில் ஏறியது. தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது, நீங்கள் இன்னொன்று வைத்தீர்கள், அதுவும் அணையப் பார்த்தது. கடைசியில் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு தட்டைச் சுற்றினீர்கள், மூன்று பேரையும் சேர்த்து. “நாய்க்கு ஆரத்தி சுத்துன மொத பொம்பள நானாத்தான் இருப்பேன்” என்று தட்டை என் கையில் திணித்தீர்கள். நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜிம்மி அதன்பின் ஏழு வருஷம் தோட்டத்தில் இருந்தது. நீங்கள் அதை ஒருநாளும் தொட்டதில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

எண்பத்து நாலில் ஒரு காலை. வசந்தா, தான் விரும்பியவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றாள். அவன் வேறு சாதி. மாமா, “இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சித்தப்பாமார்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்காக அத்தனை கார்டு எழுதிய பெண் வெயிலில் நின்றாள். நான் தூணோரம் நின்றேன். இது அவர்கள் குடும்ப விஷயம், நாம் ஏன் தலையிட வேண்டும் என்று நினைத்தேன் அத்தை. நாய்க்காகத் தெருவையே எதிர்த்து நின்ற எனக்கு, உங்கள் மகளுக்காகக் கால் நகரவில்லை.

நீங்கள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தீர்கள். வாசலைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

“இன்னாடி வேடிக்க பாத்துனு நிக்கிற? மூணு காலு நாய்க்கே சுத்துனவ நானு. தட்ட எடுத்துனு வா.”

மாமா உள்ளேயிருந்து கத்தினார். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று முகத்தைத் திருப்பாமல், இரண்டு பேரையும் நேராகப் பார்த்துச் சுற்றினீர்கள்.

ஜிம்மிக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். இன்னொரு முறை நடந்தாலும் அப்படியேதான் செய்வேன். தூணோரம் நின்ற அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அதன்பிறகு இந்த வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும், தட்டை எடுத்துவா என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டி வரவில்லை.