ஒரு நெர, மறு நெர

நேற்றுக் காலை ஆசிரியர் அறையில் ஒரு போன் அடித்தது. புதிதாக வந்திருக்கும் சங்கீத ஆசிரியருடையது. மணிக்குப் பதிலாக உன் குரல். "ஒரு நெர, மறு நெர, ஒன் நெர, என் நெர" என்று நீ இரண்டு சுற்று வருவதற்குள் அவர் பாய்ந்து அமுக்கிவிட்டு, "மன்னிச்சுக்குங்க டீச்சர், தங்கச்சி போட்டுவிட்டது" என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல முகம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உன் பாட்டுக்கு வெட்கப்பட வேண்டும் என்று இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

நீ போய் இருபது நாளாகிறது. முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தைப் பற்றிப் பேச நேற்றுப் பின்னேரமே எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவதாக இருந்தது. வகுப்புக்குப் போன பிறகும் அந்தப் பாட்டு காதிலேயே நின்றது. பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் கொடுத்துவிட்டு எந்த வரியில் நிறுத்தினேன் என்பதே மறந்துபோனது.

ஹட்டன் கடைவீதியில் துணிக்கடைக்காரர் மகள் நான். றொசல்லயிலிருந்து ரயிலில் வரும் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை நீ. ஒரே வாங்கில்தான் படித்தோம். இடைவேளையில் மேசையைத் தட்டி நீ பாட்டுக் கட்டுவாய். "ஏன் எல்லாம் இத்துனூண்டா இருக்கு?" என்று கேட்டால், "கூடையச் சுமந்துகிட்டு மூச்சு வாங்குறவளும் பாடணும்ல புள்ள" என்பாய். நான் சிரிப்பேன். அதற்கு மேல் அதில் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு நான் தமிழ் ஆசிரியை ஆனேன். நீ தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே, கல்யாண வீடுகளில் இசைக்குழுவோடு பாடினாய். நகரில் அந்தப் பாட்டுப் போட்டி நடந்தபோது நடுவர் மூவரில் நான் ஒருத்தி. கீபோர்ட் தாளம் தட்ட நீ பாடி முடித்ததும் மண்டபமே எழுந்து கை தட்டியது. அந்தத் தட்டலே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு சுலபமாக எல்லோருக்கும் பிடிக்கும் ஒன்று எப்படி நல்லதாக இருக்க முடியும்? தாளில் எழுதினேன்: 'நிறை என்று திருத்தமாக உச்சரிக்க வேண்டும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கருத்தாழம் இல்லை.'

அந்தத் தாளோடு பஸ் ஸ்டாண்டில் என்னிடம் வந்தாய்.

"நிறை இல்ல, நெர. காலையில பெரட்டுல பேர் கூப்புட்டு முடிஞ்சதும் கங்காணி ஆளுக்கொரு நெர புடிச்சுக் குடுப்பாரே, அது. தேயில வரிசை."

விளங்கிவிட்டது. விளங்கியதை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. வறட்டுக் கௌரவம். "சரி, இருந்தாலும் அதையே எத்தனை தரம் சொல்றது?" என்றேன்.

"ஒரு நெர முடிஞ்சா மறு நெரதானே வரும், டீச்சர்? நீங்க எழுதினது சரியாத்தான் இருக்கும்."

புள்ள என்று கூப்பிட்டவள் அன்று டீச்சர் என்றாய். நீ என்றவள் நீங்க என்றாய். அதன் பிறகு கடைசி வரைக்கும் நீங்கதான்.

யாப்பு நடத்தும்போது நேர், நிரை என்று கரும்பலகையில் வருடாவருடம் எழுதுகிறவள் நான். நிரை என்றால் வரிசை என்று பிள்ளைகளுக்கு வேறு விளக்குகிறேன். இலக்கணத்தில் இருக்கிற அதே சொல்லை நீ மலையிலிருந்து எடுத்து வந்து மேடையில் வைத்தாய். உச்சரிப்புப் பிழை என்று புள்ளி வெட்டினேன்.

நேற்று மண்டபத்தில் எங்கள் பள்ளியின் ஓய்வுபெற்ற அதிபர் தலைமை. உன் அக்கா, இன்னும் கொழுந்து எடுக்கிறவர், பின் வாங்கில் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பக்திப் பாட்டு, ஒரு எழுச்சிப் பாட்டு. அந்தக் குத்துப் பாட்டு மட்டும் வேணாம். மரியாதையான கூட்டம்" என்றார் அதிபர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

"சேர், அவ பாட்டுன்னா அதுதான். மத்த மூணும் யாரு வேணாலும் பாடுறது."

"டீச்சர், நீங்களே இப்பிடிப் பேசினா எப்பிடி?"

"நான்தான் பேசணும் சேர். கருத்தாழம் இல்லன்னு எழுதினது நான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாம எழுதினேன். அஞ்சு சுரத்துக்குள்ள நிக்கிற மெட்டு அது. ஏத்தத்துல ஏறுறவங்க பாடலாம். ரெண்டு கையும் வேலையில இருக்கையில பாடலாம். இப்பவும் கல்யாண வேன்ல ஏறினா அதத்தான் போடுறாங்க. லேசா மனசுல ஒட்டிக்கிறது ஒரு குறையா சேர்? அப்பிடி ஒண்ணக் கட்டிப் பாக்கச் சொல்லுங்க எங்கள."

அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சேத்துக்குவோம். டீச்சர் பொறுப்பு" என்று கோப்பை மூடினார்.

உன் அக்காவோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் ஒரு வார்த்தை நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உனக்கு என்மேல் இருந்த கோபம் இன்றைக்குத்தான் தீர்ந்திருக்கும் என்று நானே வாயைக் கொடுத்தேன்.

"கோவமா? அவளுக்கு ஒங்க மேல கோவமெல்லாம் இல்ல டீச்சர்" என்றார் அக்கா. "பயம். ஒங்க முன்னுக்கு வாயத் தொறந்தா தமிழ் தப்பாப் போயிருமோன்னு பயம். ஒங்களக் கண்டா அடுத்த பஸ்ஸுல வருவா."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

கோபம் என்றால் என்றைக்காவது தணியும் என்றுதான் இத்தனை வருடம் சும்மா இருந்தேன். பயம் அப்படித் தானாகத் தணியாது, நான்தான் உன்னிடம் வந்திருக்க வேண்டும். றொசல்ல என்ன தூரமா? வரவில்லையே.

இன்று காலை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டேன். பதில் தெரிந்த பிள்ளைதான். எழுந்து நின்று, வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை இத்தனை காலம் மரியாதை என்று நினைத்திருந்தேன்.