குமுளிக் கிடங்கிலுள்ள அயல்நாட்டு மிளகும் பொன்ராஜின் வலது கையும்

அனுப்புநர்:
வெ. ஆனந்தகுமார், எம்.காம்.,
மிளகு விவசாயி,
முருக்கடி, குமுளி அஞ்சல்,
பீர்மேடு வட்டம், இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இடுக்கி மாவட்டம், பைனாவு.

பொருள்: வர்த்தக ஒப்பந்தச் சலுகையில் இறங்கி, குமுளியில் உள்ளூர் மிளகாக விற்கப்படும் அயல்நாட்டு மிளகை முடக்கி மாதிரி எடுக்கவும், அதை வெளிப்படுத்தியதற்காக என் தங்கை கணவர் பொன்ராஜின் கையில் இரும்புக் கொக்கியை இறக்கியவர் மீது வழக்குப் பதியவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். பீர்மேடு வட்டத்துத் தமிழருக்கு அந்த உரிமை உண்டு. சென்ற ஆண்டு வேறோர் அலுவலகத்துக்கு இதே பொருள் பற்றி எழுதியபோது, மொழி புரியவில்லை என்று திருப்பினார்கள். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். வர்த்தக ஒப்பந்தங்கள் கொள்கை முடிவு, தனிநபர் கருத்துக்கு அதில் இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. குறை மொழியில் இல்லை என்பது அப்போது விளங்கியது.

2. ஒப்பந்தத்தை நான் குறை கூறவில்லை. அதைப் படித்திருக்கிறேன், இந்த ஊரில் வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பக்கத்துத் தீவு நாட்டின் மிளகு குறைந்த தீர்வையில் நம் துறைமுகத்தில் இறங்கலாம். ஆனால் அது அந்த மண்ணிலேயே காய்த்ததாக இருக்க வேண்டும். வேறொரு நாட்டில் விளைந்ததை அங்கே கொண்டுபோய்ச் சலித்தாலும், வெயிலில் போட்டாலும், சாக்கு மாற்றினாலும் அதன் பிறப்பிடம் மாறாது. பிறப்பிடச் சான்றிதழில் ஐயம் எழுந்தால் அதிகாரி விவரம் கேட்கலாம். இறக்குமதி செய்தவர் அதைக் காட்டியாக வேண்டும் என்று சுங்கச் சட்டத்தின் 28டிஏ பிரிவு சொல்கிறது. விதி எழுதியவர்கள் விழிப்புடன்தான் எழுதியிருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை.

3. குமுளியில் கம்பம் சாலைக்கு அருகே மிளகுக் கடையும் கிடங்கும் வைத்திருப்பவர் ஜோஜோ. பறிப்புக் காலத்தில் எங்கள் பகுதி மிளகை வாங்குபவர் அவர்தான். இவ்வாண்டு வாடல் நோயில் கொடிகள் பாதிக்கு மேல் போய்விட்டன. மலையில் மிளகே இல்லாத வருடம். அப்படியிருந்தும், பறித்த கொஞ்சத்தைக் கொண்டுபோனால், கிடங்கு நிறைந்துவிட்டது, இடமில்லை என்கிறார். நிறைத்தது யார் தோட்டத்து மிளகு என்று எவரும் கேட்கவில்லை. நான் கேட்கப் போனேன்.

4. எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. வாய் திறந்த எந்த மூட்டையிலும் எவரும் கைவிட்டு ஒரு மணியைக் கடித்துப் பார்க்கலாம்; கடைக்காரர் தடுக்க மாட்டார். பதிலுக்கு, கடித்தவர் அது எப்படியிருந்தாலும் விழுங்கிவிட வேண்டும். வாங்க வந்தவர்கள் பார்க்க ஒருவருடைய சரக்கைத் துப்புவது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் எங்கள் ரத்தம் சிந்தியது இதற்காகத்தான்.

5. கடந்த 4.2.2025 அன்று காலை நானும் பொன்ராஜும் அக்கடைக்குச் சென்றோம். கொச்சியிலிருந்து வந்த இரண்டு வியாபாரிகளிடம், இது குமுளி மலைமிளகு, புதுப் பறிப்பு என்று ஜோஜோ ஒரு மூட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு மணியைக் கடித்தேன். பளபளப்புக்காகப் பூசியிருந்த எண்ணெயின் மண்ணெண்ணெய் நாற்றம் தொண்டை வரை இறங்கியது. துப்பினேன். அடுத்து நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். காவல் நிலையத்தில் இதை எழுதிக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

ஜோஜோ: "எந்தா சாரே, என் கடையில நின்னு என் சரக்கத் துப்புறீங்களோ? எம்.காம் நாக்குக்கு எம் மொளகு எரியலையோ?"

நான்: "எரியுது. எந்த நாட்டுல பொறந்தோம்னுதான் அதுக்கு ஞாபகம் இல்ல."

இதற்குள் பொன்ராஜ் மூட்டையின் வாயை மடித்துப் பார்த்துவிட்டார். சாக்கை உள்வெளியாகத் திருப்பித் தைத்திருந்தார்கள். உட்புறத்தில் நம் நாட்டுக்கோ அந்தத் தீவுக்கோ சேராத எழுத்துகள் அச்சாகியிருந்தன. "மச்சான், இங்க பாருங்க! சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு வந்திருக்கு சரக்கு!" என்று உரக்கச் சொன்னார். கொச்சி வியாபாரிகள் சிரித்தார்கள். ஜோஜோ சிரிக்கவில்லை. சுமை இறக்கும் ஆட்களின் தலைவர் பாண்டித்துரையைப் பார்த்து, "பாண்டி, அந்தக் கையி இனிமே ஒரு சாக்கையும் தொடக் கூடாது" என்றார்.

6. மூட்டை இழுக்கும் கொக்கி பாண்டித்துரையின் கையிலேயே இருந்தது. சாக்கின் வாயைப் பிடித்திருந்த பொன்ராஜின் வலது உள்ளங்கையில் அதை இறக்கினார். கையையும் சாக்கையும் சேர்த்து அது தைத்தது. பிறகு மூட்டையை இழுப்பது போலவே காலை ஊன்றி இழுத்தார். சாக்கு கிழிவதற்கு முன் கை கிழிந்தது. பேருந்துக்கு நின்றவர்களுக்கும் அலறல் கேட்டது, ஒருவரும் அசையவில்லை. நான் தராசுத் தட்டிலிருந்த எடைக்கல்லை எடுத்துப் பாண்டித்துரையின் வாயில் அடித்தேன். பற்கள் உடைந்தன. இதை மறுக்கவில்லை. வருந்தவும் இல்லை. பாண்டித்துரை கம்பத்துக்காரர், என் மொழி பேசுபவர். இதை மலையாளி, தமிழர் தகராறாக்கி எவரும் மூடிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

7. என் மீது மட்டுமே வழக்குப் பதிவாகியுள்ளது. பொன்ராஜின் காயம், மூட்டை தூக்குகையில் கை தவறி ஏற்பட்டது என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர் அங்கே மூட்டை தூக்கும் ஆள் அல்ல. அப்படி எழுதிய அதிகாரியின் பெயரைத் தனி உறையில் வைத்துள்ளேன். தேனி மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், மிச்சமுள்ளவை மடங்குவதில்லை. ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று, ஒரு கையால் மரத்தைப் பிடித்து மறு கையால் மிளகு பறிப்பவர் அவர். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

8. கிழிந்த அந்தச் சாக்கை அன்றே எரித்துவிட்டார்கள். மற்ற மூட்டைகள் இன்னும் கிடங்கில் உள்ளன. அவற்றைப் பிரித்து, உள்ளூர் மிளகோடு கலந்து, புதுச் சாக்கில் அடைக்கும் வேலை நடக்கிறது. இந்த வாரமே கொச்சிக்கு ஏற்றப்போவதாகக் கேள்விப்படுகிறேன். கலந்துவிட்டால் எது எங்கே விளைந்தது என்று எந்த ஆய்வகத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. சரக்கு அயல்நாட்டுடையது என்று உறுதியானால்தான் பொன்ராஜின் கையில் கொக்கி இறங்கியதற்குக் காரணம் இருந்தது என்பது நிலைக்கும். இல்லையேல் அது என்றென்றைக்கும் கை தவறிய காயம்தான்.

9. ஆகவே தாங்கள் சரக்கு வெளியேறும் முன் கிடங்கை முத்திரையிட்டு, சுங்கத்துறை, உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர்களை வைத்து மாதிரி எடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். இச்சரக்கை இறக்குமதி செய்தவர் யார், எந்தச் சான்றிதழைக் காட்டினார் என்று கேட்டறிய வேண்டுகிறேன். கொக்கி இறக்கிய பாண்டித்துரை மீதும், ஏவிய ஜோஜோ மீதும் கொடுங்காய வழக்குப் பதியச் செய்ய வேண்டுகிறேன். என் மீதுள்ள வழக்கை நீக்கும்படி நான் கேட்கவில்லை. அதை நடத்துங்கள். நீதிமன்றத்தில் பேச எனக்கும் ஓர் இடம் வேண்டும்.

10. பாதிக்கப்பட்டவரின் ஒப்பம் ஏன் இதில் இல்லை என்று தாங்கள் கேட்கக்கூடும். கேட்கப் போனேன். என் தங்கை மாரித்தாய் என்னை வாசலோடு நிறுத்திவிட்டாள். உள்ளேயிருந்து பொன்ராஜ் சொன்னார்: "ஒங்க ஒப்பந்தத்த நீங்களே வச்சுக்கோங்க மச்சான். ஒரு மொளகு. முழுங்கித் தொலச்சிருந்தா எங்கையி இருந்திருக்கும்." அவர் என்னை வெறுப்பது எங்கள் குடும்பத்து விவகாரம். அவர் அமைதியாக இருப்பதை அரசு சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாரித்தாய் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பாண்டித்துரை கிடங்கு வாசலில் நின்று, "மாப்ளைக்கு கையி சொகந்தானே?" என்று கேட்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறாள். இன்னும் எத்தனை முறை குனிவாள் என்று எனக்குத் தெரியாது. நான் எத்தனை முறை பொறுப்பேன் என்பது எனக்குத் தெரியும். அந்த வாசலுக்கு அரசு முதலில் போகட்டும். நான் முதலில் போக நேர்ந்தால் அதுபற்றி மனு எழுத மாட்டேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
வெ. ஆனந்தகுமார்

இடம்: குமுளி
நாள்: 17.02.2025

இணைப்பு: பொன்ராஜின் மருத்துவச் சான்று நகல், தனி உறை ஒன்று.