இடப்பக்கம் கால் சுற்று

செப். 5, சனி

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து ஓயவில்லை. வாயெல்லாம் மண். மெசினைப் படங்குச் சீலையால் மூடினேன், காற்று கழற்றியது. திரும்ப மூடினேன், திரும்பக் கழற்றியது. சரி, திறந்தே கிட என்று விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

இன்று: டீசல் வடிகட்டி கழுவியாயிற்று. விசிறிப் பட்டி புதுசு. பின் மட்காட்டுக்குச் சிவப்பு இரண்டாம் பூச்சு. என் இடது காதுக்கும் ஒரு பூச்சு.

பத்து மணிக்கு ஸ்டார்ட். மூன்றாம் தரம் பிடித்தது. நாலு வருடத்துக்கு முன் குருவிக் கூடும் துருவுமாக வந்து இறங்கிய அப்பாவின் உழவு மெசின், நாலு சில்லு டிராக்டர். இப்போது ஒழுங்கை முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலிக்கு மேலால், “இண்டைக்கும் தொடங்கிட்டீங்களா அக்கா?” நாளைக்கும் தொடங்குவேன் என்றேன்.

இவர் வாவியால் வந்து ஈர வலையை மெசினின் மூக்கில் காயப் போட்டார். “கட்டின புருசனுக்கு வளவுக்குள்ள இடமில்ல, இதுக்கு மட்டும் இருக்கு.” வளவு என் சீதனம், எதற்கு இடம் என்று நான்தான் சொல்வேன் என்றேன். சிரித்தார். வலையை எடுக்கவில்லை.

பின்னேரம் ஸ்டியரிங். ஆட்டம் அதிகம். ஸ்டியரிங் பெட்டியின் மேலிருக்கும் திருகாணியை இறுக்க இறுக்க ஆட்டம் குறைந்தது. நின்ற இடத்திலேயே, ஜம்பு மரத்தடியில். அருமையான பிடி. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

செப். 6, ஞாயிறு

மெச்சினது பிழை.

காலையில் எடுத்தால் இடப்பக்கம் நன்றாகத் திரும்புகிறது. நேரே கொண்டுவந்தால் இறுகிக்கொள்கிறது. வலப்பக்கம் இரண்டு கையாலும் தொங்கினாலும் வராது.

காத்தான்குடி நானா வந்து பார்த்தார். இந்த நாலு வருடமும் எனக்கு எஞ்சின் சாமான் தேடித் தந்தவர். கீழே படுத்துப் பார்த்து, எழும்பி, சாரத்தைத் தட்டி, “முன் அச்சு வளைஞ்சி இரிக்கி மிஸ். கழட்டிப் போடுங்க. வேற அச்சு கிடைக்கிறது வலு கஷ்டம்.”

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சாப்பாடு இறங்கவில்லை. இறால் பொரித்திருந்தேன், அதுவும் இறங்கவில்லை. இவர் என் பங்கையும் சாப்பிட்டார்.

செப். 9, புதன்

மூன்று நாளாக அச்சுக் கழற்றல். நாலு ஆணியில் மூன்று வந்தது. நாலாவது அசையாது. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, ஏசி.

இவர் பக்கத்தில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “இதாலதானே உங்கட அப்பா சூடு மிதிச்ச?”

ஓம். அறுவடைக்குக் கொம்பைன் மெசின் வருமுன் எல்லாரும் அப்படித்தான். வெட்டின நெல்லைக் களத்தில் வட்டமாகப் பரப்பி, மேலே மெசினைச் சுற்றச் சுற்ற ஓட்டி நெல்லைப் பிரிப்பது. கல்யாணத்துக்கு முன் இவரும் எங்கள் களத்தில் வைக்கோல் உதறினவர்.

“மாமா வலப்பக்கம் கிறுகினத நான் ஒருநாளும் காணல்ல.”

“ஏன்?”

“சூடு மிதிக்கிறது இடப்பக்கமாத்தான். வலம் வாறது கோயிலுக்கு.”

ஸ்பெனரைப் போட்டுவிட்டு ஸ்டியரிங் பெட்டியைத் திறந்தேன். ஒரு பக்கப் பற்கள் பாதியாகத் தேய்ந்து கிடந்தன. மற்றப் பக்கம் கடையிலிருந்து வந்த மாதிரி. அப்பா இருபது வருடப் போகமெல்லாம் இடப்பக்கமாகவே சுற்றியிருக்கிறார். நான் சனிக்கிழமை இறுக்கினபோது முன்சில்லு எந்தப் பக்கம் திரும்பி நின்றது? இடப்பக்கம். தேய்ந்த பல்லுக்கு அளவாக இறுக்கிவிட்டு, தேயாத பல்லு இறுகுதே என்று அச்சைக் கழற்றினவள் நான். பேயி.

அச்சில் ஒரு வளைவும் இல்லை. நாலாவது ஆணிக்கு நன்றி.

செப். 10, வியாழன்

மூன்று ஆணியும் திரும்பப் பூட்டியாயிற்று.

தேய்ந்த துண்டுக்கு மாற்று எங்குமில்லை. நானா ஏறாவூர், ஓட்டமாவடி எல்லாம் போன் பண்ணிப் பார்த்தார். “என்ட கணக்கும் பிழைச்சிட்டு மிஸ்” என்று அவராகவே சொன்னார். நல்ல மனிசன்.

ஆகவே நேர் ஓட்டத்துக்கு அளவாக இறுக்கினேன். நேரே நல்லது. வலம் நல்லது. இடப்பக்கம் மட்டும் முதல் கால் சுற்று சும்மா சுற்றும், அதற்குப் பிறகுதான் சில்லு கேட்கும். இடப்பக்கத் திருப்பம் வருமுன்னே சுற்றிவிட வேண்டும். மெதுவாகப் போக வேண்டும். வளவுக்குள் பதினாறு தரம் பழகினேன். கோழிகள் பழகிவிட்டன.

செப். 13, ஞாயிறு

அண்ணன் வந்தார். கலியாணம் கட்டி வாவிக்கு அங்கால், படுவான்கரையில் அண்ணியின் வீட்டோடு போனவர். வருடத்துக்கு ஒரு தரம் வந்தால் பெரிசு. தேத்தண்ணீர் குடிக்கும் வரை மழை, நெல், அண்ணியின் முழங்கால்.

பிறகு: “மெசின் ஓடுதாமே.”

“ஓடுது.”

“அப்பா அத எனக்கெண்டுதானே சொன்ன.”

சொன்னார்தான். வாயால். இங்கே வீடும் வயலும் பெண்ணுக்கு எழுதுவார்கள், மெசினை ஆணுக்குச் சொல்வார்கள். சொன்னதைக் கொண்டுபோய்ப் பதினொரு வருடம் மரத்தடியில் துருப்பிடிக்க விட்டது யார்? வளவைத் துப்புரவாக்க வேண்டும் என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றபோது, “இரும்புக்காரனுக்குக் குடு, இல்லாட்டி நீயே வச்சிரி” என்று இங்கே அனுப்பியது யார்? எல்லாவற்றையும் கேட்டேன்.

“அண்டைக்கு அது இரும்பு. இண்டைக்கு மெசின்” என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

விசயம் தெரிந்ததுதான். வயல்வட்டைக் கூட்டத்தில் விதைப்பு முடிக்கும் நாள் குறித்தாயிற்று, ஒக்டோபர் பத்து. எல்லாருக்கும் ஒரே நேரம் உழவு, வாடகை மெசின் ஒன்றும் கிடைக்காது. அண்ணியின் எட்டு ஏக்கர் அப்படியே கிடக்கிறது.

மெசினின் பதிவுப் புத்தகம் இன்னும் அப்பா பேரில். என் பேருக்கு மாற்ற அண்ணனின் கையொப்பமும் வேண்டும். படிவம் நிரப்பி ஆயத்தமாக வைத்திருந்தேன், நீட்டினேன். கந்தோரில் இருபத்தொன்பது வருடம் ஊரார் வாகனப் புத்தகத்துக்கெல்லாம் முத்திரை குத்தினவள், என் படிவத்தில் பிழை விடுவேனா. அண்ணன் வாசிக்கவே இல்லை.

“வாற ஞாயிறு ஆளோட வாறன். மெசின் திறப்ப எடுத்து வை.”

செப். 17, வியாழன்

மின்சாரம் இல்லை. காற்றும் இல்லை. பூனை மெசினின் இருக்கையில்.

ஊர் வாய்: “அண்ணன் கேட்டா குடுக்கிறதுதானே.” “பொம்புளைக்கு என்னத்துக்கு மெசின்.” ஐம்பத்தாறு வயதில் போய் மெசின் ஓட்ட லைசென்ஸ் எடுத்தபோது சிரித்த அதே வாய்கள்.

இங்கே எழுதி வைக்கிறேன். வீடு தந்தார்கள். வயல் இரண்டு ஏக்கர் தந்தார்கள். புருசனைக்கூடத் தேடித் தந்தார்கள். இது ஒன்றுதான் யாரும் தராமல் நான் ஆக்கியது. குடுக்க மாட்டேன்.

செப். 20, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பது மணிக்கு அண்ணன், கூடவே ஒரு ட்ரைவர். முப்பது வயதிருக்கும், மரியாதையான ஆள். “அக்கா, நல்லா செஞ்சிருக்கீங்க” என்றான். அண்ணன் அவனை முறைத்தார்.

ஒழுங்கையில் நின்று சண்டை போட என்னால் முடியாது. “ஓட்டிக்கொண்டு போக ஏலுமெண்டா கொண்டு போங்க” என்று திறப்பைக் கொடுத்தேன். கொடுக்கும்போதே சொல்லவும் செய்தேன்: “அண்ணன், இடப்பக்கம் திரும்பக்குள்ள...”

“நீ சும்மா இரி. ஓட்டத் தெரிஞ்ச ஆளத்தான் கூட்டி வந்திருக்கன்.”

சும்மா இருந்தேன்.

எங்கள் படலையைத் தாண்டினால் ஒழுங்கை, ஒழுங்கைக்கு அங்கால் வாவி. ரோட்டுக்குப் போக இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவன் எல்லாரையும் போலத் திருப்பத்தில் வந்துதான் திருப்பினான். கால் சுற்று சும்மா சுற்றியது. மெசின் நேரே போய்க் கண்டல் பற்றையைப் பிரித்துக்கொண்டு முன்சில்லு இரண்டும் வாவிக்குள். மூக்கில் காய்ந்துகொண்டிருந்த வலையும் சேர்ந்து தண்ணீருக்குள்.

இவர் படலையில் நின்று, “எனக்கு இண்டைக்கு வேல மிச்சம். வல போட்டாச்சு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு ட்ரைவர் சிரித்தான்.

நான் ஏறினேன். பின்சில்லுக்குக் கீழே இவரும் அவனும் தென்னை மட்டை வைத்தார்கள். ரிவர்ஸ். இரண்டு தரம் வழுக்கியது, மூன்றாம் தரம் பிடித்தது. ஒழுங்கைக்கு ஏற்றி, முன்கூட்டியே சுற்றி, இடப்பக்கம் திருப்பி ரோட்டு முடக்கு வரை போய், திரும்பி வந்து ஜம்பு மரத்தடியில் நிறுத்தினேன். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. காட்டத்தான் போனேன்.

“தெரிஞ்சும் சொல்லாம விட்டிருக்காய்” என்றார் அண்ணன்.

“சொல்ல வந்தன். சும்மா இருக்கச் சொன்னீங்க.”

மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். ட்ரைவர் நடந்து போனான். போகுமுன் கேட்டான், “நீங்க எப்பிடி அக்கா இடப்பக்கம் கிறுக்கின?” சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டாம் தரமும் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு துணிவாக எழுதுகிறேன். அண்ணனிடம் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செப். 21, திங்கள்

சேறு கழுவல். முன் விளக்குக்குள் ஒரு நண்டு. வலையில் நாலு செப்பலி மீன், இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

செப். 26, சனி

வெளிச்சம் வர முன்னே குருமன்வெளித் துறை. வாவியைக் கடக்க அங்கேதான் பாதை வரும், வாகனம் ஏற்றும் மிதவை. பாதைக்காரர் கீழே மேலே பார்த்தார்.

“ஆரு ஓட்டுற?”

“நான்.”

“அண்ணன்ட மெசினெல்லுவா இது?”

“என்ட மெசின்.”

சில்லுக்குக் கல் வைத்தார். நடு வாவியில் காற்று குளிர்ந்து வந்தது. பயமாகத்தான் இருந்தது, இறங்கும் பலகை ஒடுக்கம். ஆனால் நேர். நேர் ஓட்டத்தில் என் மெசினை வெல்ல ஆளில்லை.

மண்டூரில் இறங்கி வட்டைக்கு. என் இரண்டு ஏக்கர், புழுதி உழவு. வரம்புக்கு வரும்போதெல்லாம் வலப்பக்கமாகவே திருப்பினேன். இத்தனை வருடம் சும்மா இருந்த பற்கள், இனி அவை வேலை செய்யட்டும்.

பக்கத்துக் காணிகளில் எட்டிப் பார்த்தவர்கள்: ஒன்பது பேர். கையசைத்தவர்கள்: ஒருவர், அந்த ட்ரைவர்.

முக்கால்வாசி முடிந்தது. மெசினை வயற்காவல் வாடியடியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இடுப்பு இல்லை.

செப். 27, ஞாயிறு

மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. மிச்சக் கால்வாசியையும் உழுதுகொண்டிருந்தேன். அண்ணன் வரம்பு வழியே நடந்து வந்தார். செருப்பைக் கையில் பிடித்தபடி. என் முகத்தைப் பார்க்கவில்லை, பின்சில்லைப் பார்த்தார்.

“நல்லா உழுகுது.”

“ஓம்.”

“மழ வரப் போகுது.”

“ஓம்.”

“அண்ணியிட காணி எட்டு ஏக்கரும் அப்பிடியே கிடக்கு, தங்கச்சி.”

எஞ்சினை நிறுத்தவில்லை. இருக்கைக்குக் கீழே இரண்டு கிழமையாக என்னோடு திரிகிற படிவத்தை எடுத்து மட்காட்டில் விரித்தேன். காற்றுக்குப் பறக்காமல் ஸ்பெனரை மேலே வைத்தேன்.

“பேனை இருக்கா, அண்ணன்?”

இல்லை என்றார். இருபத்தொன்பது வருடம் கந்தோரில் இருந்தவள். என்னிடம் இரண்டு இருந்தன.