இடது கைக்காரியின் டிக்

ஃப்ளோரிசன்ட், மிசூரி
2019 செப்டம்பர் 17, செவ்வாய்

அன்பு மகள் கோரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, கார் மூவரும் சௌக்கியம். என் முட்டி மட்டும் வழக்கம்போல் முரண்டு பிடிக்கிறது. அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எழுது. எட்டாம் தேதி ஞாயிறு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன், அதில் உனக்கு வருத்தம் இருக்கும். இருக்கட்டும், எனக்கும் இருந்தது. "ஒரு கோடுதானேம்மா, துணிய எடுத்துத் தொடச்சுவிட்டு, புத்தகத்துல இருக்கற மாதிரி மாத்திப் போட்டுடு, அப்பா கண்ணை நெனச்சுப் பாரு" என்று சொன்னாய். அப்பா கண்ணை நினைக்காமல் எனக்கு ஒரு பொழுதும் போவதில்லை. போனில் பதில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய், அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

அப்பா நேரே பார்த்தால் இப்போது நடுவில் ஒரு கறுப்புத் திட்டுதான், ஓரம் மட்டும் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்குள் எழுத்துப் படிக்க முடியாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஆனால் நம் கார்வெட் காருக்கு முதல் தரத்து நீல ரிப்பன் வாங்கி அதிலுள்ள எழுத்தைத் தன் கண்ணால் படித்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரே ஜபம். ஒன்பது வருடம் கராஜே கதி என்று கிடந்து, அந்த 74-ஆம் வருட வண்டியைத் திருகு திருகாகக் கழற்றித் திரும்பக் கோத்தவர் அவர். கூட்டம் கூட்டிப் புள்ளி போடுகிற கார் சங்கத்துக்காரர்கள் பளபளப்புக்கு மயங்குகிறவர்கள் இல்லை என்பது உனக்குத் தெரியும். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், பசை வழிந்த இடத்தில் வழிந்திருக்க வேண்டும், போல்ட்டை முடுக்கிச் சோதித்தவர்கள் மஞ்சள் க்ரயானால் போட்ட டிக்கூட அதே இடத்தில் அதே மாதிரி இருக்க வேண்டும். லாயிட் சித்தப்பா தன் வண்டியில் புது இன்ஜினைத் திணித்து, கத்தரிக்காய் நிறம் அடித்து, கூட்டத்துக்குக் கூட்டம் வெளி வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பார். "அண்ணி, நீங்கெல்லாம் கார் வச்சிருக்கீங்களா, இல்ல பொணத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்கிற ஆள். நானும் சும்மா விடுவதில்லை, "உன் வண்டி ஐஸ்கிரீம் விக்கப் போகுதா லாயிட்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

ஜூன் மாதக் கூட்டத்தில் அரைப் புள்ளியில் நீல ரிப்பன் கைவிட்டுப் போன கதையை நான் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ப்ரூவர் என்று ஒரு தலைமை நடுவர், காரின் அடிப்பாகத்தைப் பற்றிச் சங்கத்தின் நடுவர் புத்தகத்தில் எழுதியவரே அவர்தான். வண்டிக்கு அடியில் கண்ணாடி நீட்டிப் பார்த்துவிட்டு, முன்சக்கரத்துப் பெரிய போல்ட் பக்கத்தில் சேஸிஸ் அடிச்சட்டத்தின்மேல் இருக்கும் டிக் திரும்பியிருக்கிறது, வால் இடது பக்கம் போகிறது, தப்பு என்றார். என்னிடம் இல்லை, அப்பாவிடம். ஏதோ நான் சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்த பெண்பிள்ளை மாதிரி, கேட்ட கேள்வியெல்லாம் அப்பாவிடம்தான். நான் நடுவில் புகுந்து, "அய்யா, செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில சேஸிஸ் வரிசையில முதல் ஷிஃப்ட்ல அந்த டிக்கைப் போட்டவளே நான்தான். நான் இடது கைக்காரி. என் டிக் அப்படித்தான் விழும்" என்றேன். அந்த மனிதர் பொறுமையாகச் சிரித்தார், கோரின், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா, ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். புத்தகத்துல போட்டோ இருக்கு" என்றார். எனக்கு எந்தக் கை என்று எனக்கு ஞாபகம் இல்லையாம். ஒன்பது வருடம் அங்கே எனக்குப் பெயரே நொட்டாங்கைதான். மேஸ்திரி கூப்பிடுவதும் அப்படித்தான், சம்பளக் கவர் கொடுக்கிறவன் கூப்பிடுவதும் அப்படித்தான். காரின் உடம்புப் பகுதியைச் சேஸிஸ்மேல் இறக்கும் இடத்தில் நின்ற உன் அப்பா, என்னைப் பார்ப்பதற்கு முன்னால் என் டிக்கைத்தான் பார்த்தார், "யாருடா இது, எல்லாத்தையும் தலைகீழாப் போடறது?" என்று விசாரித்துக்கொண்டு சாப்பாட்டு வேளையில் வந்தவர்தான், இன்னும் போகவில்லை.

ஆனால் கையில் சாட்சி இல்லை. அதற்குக் காரணமும் உன் அப்பாதான். சேஸிஸைக் கழற்றிய புதிதில், பழைய கிரீஸ் அழுக்குக்கு அடியில் என்ன குறி இருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்த பிறகுதான் தேய்க்க வேண்டும், இந்த வேலையில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. நான் பல் டாக்டரிடம் போய்விட்டு வருவதற்குள் இந்த மனிதர் கம்பி பிரஷ்ஷை எடுத்து, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் வெள்ளி மாதிரித் தேய்த்து வைத்திருந்தார். "மஞ்சளா என்னமோ இருந்துச்சு வெர்னா, எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சுன்னு பாக்கலை" என்றார். நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. அப்புறம் கறுப்பு அடித்துக் காய்ந்ததும் நானே படுத்து, என் கையால் என் டிக்கைப் போட்டேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், நம் கார் என் ஷிஃப்டில் வந்ததா அடுத்த ஷிஃப்டில் வந்ததா என்று யாருக்கும் தெரியாது, அதற்கு நான் சத்தியம் செய்யவும் இல்லை. ஆனால் என் டிக் தப்பு, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று ஒருவன் புத்தகத்தைக் காட்டிச் சொன்னால், அதைத் துடைத்துவிட்டு அவன் டிக்கைப் போட என் கை வராது. அதைத்தான் நீ என்னிடம் கேட்டாய். அப்பா கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சரி, போன சனிக்கிழமை ஸ்பிரிங்ஃபீல்டு திடலில் இந்த வருடத்துக் கடைசிக் கூட்டம். டிக்கைத் துடைக்காமலே போனேன். அப்பா வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே கழற்றாமல் தேய்க்காமல் பழையபடியே விட்ட வண்டிகளுக்கென்று தனி வரிசை உண்டு, அதில் அயோவாவிலிருந்து ஹார்லன் வீக்ஸ் என்று ஒரு விவசாயி, நம் வண்டி வந்த அதே வசந்தத்தில் வந்த கார்வெட், நாற்பது வருடம் சோளக் களஞ்சியத்தில் கிடந்ததை, அடியெல்லாம் மண் அப்பி அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அந்த மண்ணுக்கு அடியில் தொழிற்சாலையில் போட்ட டிக் அழியாமல் இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. அட்டை ஒன்றை விரித்து அடியில் படுக்கப் போனால், அந்த மனிதர் ஓடிவந்து, "அம்மா அம்மா, மண்ணைத் தொட்டுடாதீங்க, அந்த மண்ணுக்கும் புள்ளி உண்டு!" என்று கூப்பாடு போட்டார். மண்ணுக்குப் புள்ளியாம். சிரிக்காதே, உண்மைதான். நான் எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அதற்குள் ப்ரூவரும் வந்துவிட்டார், பின்னால் நாலு பேர், லாயிட் சித்தப்பா கையில் சாசேஜ் ரொட்டியோடு. "அடியில திரும்பின டிக் இல்லேன்னா, நானே என் வண்டியில இருக்கறதைத் தொடச்சு, புத்தகத்துல உள்ள மாதிரிப் போட்டுட்டு, இந்த ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். "இதுக்காகவே தொடச்சுப் பாருங்கய்யா, எங்க அண்ணி வாயை மூடி நான் பாத்ததே இல்லை" என்றார் லாயிட். வீக்ஸ் தாடையைச் சொறிந்து யோசித்துவிட்டு, நீங்கள் தொட வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று கைக்குட்டையில் எச்சில் தொட்டுக்கொண்டு அடியில் போனார்.

வலது பக்கம் ஒன்றும் இல்லை. மண்ணோடு சேர்ந்து பெயிண்டும் பேர்ந்து வந்து வெறும் துருதான் இருந்தது. அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அப்புறம் இடது பக்கம் போனார். கைக்குட்டை தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உள்ளிருந்து, "அட, நொட்டாங்கைதான்!" என்று குரல் வந்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன், வெட்கப்படவில்லை. ப்ரூவர் தன் நல்ல சட்டையோடு படுத்து, வெகு நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "தப்பு என்னுதுதான்மா. அடுத்த பதிப்புல சேர்த்துடறேன், சில வண்டிகளில் திரும்பிய குறியும் காணப்படுகிறது, காரணம் தெரியவில்லைன்னு." எனக்கு மறுபடியும் கோபம் ஏறிவிட்டது. "காரணம் தெரியலையா? காரணம் உன் எதிர்லதான்யா நிக்குது!" என்றேன். அவர் கெட்டவர் இல்லை, பாவம், சங்கடப்பட்டு, புத்தகம் வண்டிகளைப் பற்றியது, ஆட்களைப் பற்றியது இல்லை, யார் பெயரையும் போடுகிற வழக்கம் இல்லை என்றார். அரைப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். சாயங்காலம் நீல ரிப்பனையும் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, நேரே பார்த்தால் தெரியாதே, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கண் ஓரத்தால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஆசைப்பட்டது நடந்துவிட்டது மகளே, இதோடு நான் கடிதத்தை முடித்திருக்கலாம்.

ஆனால் காரணம் தெரியவில்லை என்கிற அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒன்பது வருடம், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, ஒன்றிலாவது நான் பெயர் எழுதினேனா? எழுதினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது யார் என்னை வீட்டுக்கு அனுப்புவது? சீட்டுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் க்ரயானை எடுத்துக்கொண்டு நம் வண்டிக்கு அடியில் படுத்தேன். ப்ரூவர் குனிந்து, "வேண்டாம்மா, தொழிற்சாலையில யாரும் பேர் எழுதினதில்லை. எழுதினா புள்ளி போயிடும், ரிப்பனை நான் திரும்ப வாங்கியாகணும்" என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். என் கை நின்றுவிட்டது. அந்த ரிப்பன் என்னுடையது இல்லையே, உன் அப்பாவுடைய ஒன்பது வருடம் அல்லவா. அப்படியே க்ரயானை நெஞ்சுமேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் ஏதோ உராயும் சத்தம். பார்த்தால் உன் அப்பா, எழுபத்திரண்டு வயசு மனிதர், அட்டையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து படுக்கிறார். "யோவ் எர்வின், இடுப்புப் பிடிச்சுக்கப் போகுது" என்றேன். தடவித் தடவி என் கையைக் கண்டுபிடித்து, அதிலிருந்த க்ரயானை எடுத்து, என் இடது கையில் மாற்றி வைத்தார். "பெருசா எழுது வெர்னா, இனிமே பொடி எழுத்து எனக்குத் தெரியாது" என்றார்.

எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். அப்பா முகத்தைத் திருப்பிப் படித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். நீல ரிப்பன் திரும்பிப் போயிற்று, இரண்டாம் தரத்துச் சிவப்புதான் கிடைத்தது, அதைக் குளிர்பெட்டி மேல் காந்தத்தால் ஒட்டியிருக்கிறேன். நம் கார் அன்றைக்கு என் கை பட்டு வந்ததோ இல்லையோ, இப்போது பட்டிருக்கிறது. இனிமேல் எந்தக் கூட்டத்துக்கும் கொண்டுபோகப் போவதில்லை; கூரையைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு நாளாக ஆற்றோரச் சாலையில் நான் ஓட்ட அவர் காற்று வாங்கிக்கொண்டு வருகிறார், இனி மழை பெய்தாலும் போவோம், சேறு தெறித்தாலும் போவோம். லாயிட் சித்தப்பா சனிக்கிழமையிலிருந்து வாயையே திறக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அப்பாவுக்காகத்தான் கேட்டாய் என்று தெரியும். ஆனால் இனி எப்போதும் என்னைத் துடைக்கச் சொல்லாதே. இருவரும் உங்களை மனதார ஆசீர்வதிக்கிறோம், பிள்ளைகள் வெயிலில் தொப்பியில்லாமல் ஓடாமல் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது லைசென்ஸை மறக்காமல் எடுத்து வா, அப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்து வர ஆசைப்படுகிறார். வந்த அன்றே பழைய சட்டை ஒன்று போட்டுக்கொண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்துப் பார். எங்களுக்குப் பிறகு வண்டியை நீ வைத்துக்கொண்டாலும் சரி, விற்றாலும் சரி, வாங்குகிறவன் இது என்ன கிறுக்கல் என்று கேட்டால் காரணம் தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
வெர்னா,
சேஸிஸ் வரிசை, முதல் ஷிஃப்ட்