கிணற்றடியில் நான் பார்த்தது

இன்று காலை சுகாதாரச் சேவகர் எங்கள் தெருக் கிணற்றில் மருந்து போட்டுவிட்டுப் போனார். அடுத்து இறைத்த வாளியில் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. பெண்கள் குடத்தோடு பின்வாங்கினார்கள். "சீமையில சண்டை நடக்குல்லா, நம்மளக் கொல்லத்தான் இதைப் போடுதான்" என்றாள் ஒருத்தி. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ போய் ஏழு வருஷம் ஆகிறது.

நம் ஊருக்கு ஒரு வேதக்கோயில், இரண்டு தெரு. ஒரே ஜெபத்தைச் சொல்வோம், ஒரே கிணற்றில் இறைக்க மாட்டோம். நான் மேலத்தெரு, நீ கீழத்தெரு. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரே பாயில் படுத்தவர்கள், ஊருக்குத் திரும்பியதும் கோயில் முற்றத்தில் மட்டும் பேசிக்கொண்டோம். வெட்கக்கேடு, ஆனால் அப்போது அது எனக்கு வழக்கமாகத்தான் தெரிந்தது.

ஆற்றங்கரை ஊர்களில் வாந்திபேதி பரவிய கோடை அது. நீ மிஷன் ஆஸ்பத்திரியில் கையுதவியாக இருந்தாய். ஒருநாள் விடிகிற நேரத்தில் எங்கள் கிணற்றடியில் நின்று ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாய். நான் பார்த்தேன். கிணற்றில் என்னவோ போட்டாள் என்று என் அண்ணன் மனைவி மைனியிடம் சொன்னேன், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஊர் வாயில் அது விஷமாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் கீழத்தெருவே கூடிச் செய்த சதியாகிவிட்டது. "நெருப்பில்லாமப் புகையுமா?" என்று மைனியே என்னிடம் வந்து கேட்டாள்.

அன்று மாலை கோயில் முற்றத்தில் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "ஆஸ்பத்திரி மருந்துட்டி அது. கேட்டா உங்க தெருவுல கிணத்தத் தொட விடுவாங்களா? ஒம் பிள்ளையும் அந்தத் தண்ணியத்தானே குடிக்கான். நீ சொன்னா கேப்பாங்க, சொல்லிரு."

"சொல்லுதேன்" என்றேன்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் நற்கருணைக்குப் போகிறவர்கள் முந்தின நாளே, கோயிலைக் கவனிக்கும் உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் அங்கேயே பேசி ஒப்புரவாக வேண்டும். ஆகாவிட்டால் நற்கருணைப் பந்தி கிடையாது. நீ பேர் கொடுத்ததும் கூட்டம் முணுமுணுத்தது. "கிணத்து விஷயம் தெரிஞ்சவங்க சொல்லலாம்" என்றார் உபதேசியார். என் அண்ணன் என்னைப் பார்த்தான். மைனி பார்த்தாள். கீழத்தெருக்காரிக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள், புரளியைக் கிளப்பியதே இவள்தான் என்பார்கள் என்று பயந்து, தரையைப் பார்த்தபடி நின்றேன்.

நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். பிறகு, "எம் பேர அடிச்சிருங்கய்யா. ஒருத்தர் மனசு இடறுனாலும் நான் அங்க முழங்கால் போட மாட்டேன்" என்றாய். பைய நடந்து என்னருகே வந்தாய். உன் குரலில் கோபம்கூட இல்லை. "சொல்லுதேன்னு சொன்னியேட்டி" என்று மட்டும் கேட்டாய்.

நற்கருணை கொடுக்கும் குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். அடுத்த முறை அவர் வருமுன் வாந்திபேதி உன்னைக் கொண்டுபோயிற்று. எங்கள் தெருவில் ஒருவருக்கும் வரவில்லை. உங்கள் கிணற்றுக்குப் போட மருந்து மிஞ்சியிருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் வீடுவீடாகப் போய் உண்மையைச் சொன்னேன். கடைசியாக மைனியிடம் போனேன். முறத்திலிருந்து அவள் தலைகூட நிமிரவில்லை. "எங்களுக்கு அப்பவே தெரியுமே. அந்தத் தண்ணியக் குடிச்ச ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே. பாத்தவ நீ. நீ சொல்லட்டும்னு இருந்தோம்" என்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்று ஊர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது, என் வாய் திறக்கட்டும் என்று.

அதன்பிறகு நான் பேர் கொடுக்கவில்லை. உபதேசியாரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். எல்லோரும் பந்திக்கு எழுந்து போகையில் நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். மன்னிப்பு உண்டு என்கிறார் குருவானவர். நம்புகிறேன். ஆனால் மனத்தாங்கல் உள்ளவரிடம் முதலில் போய் ஒப்புரவாகி வா என்பதுதானே நம் ஒழுங்கு. நான் எங்கே வந்து உன்னைப் பார்ப்பேன்?