மருத மரத்தில் ஆடும், சங்கிலியில் நாயும்

அனுப்புபவர்:
திருமதி மேர்லின் றொனால்ட்,
குளக்கட்டு வீதி,
வீரையடிச்சேனை, படுவான்கரை,
மட்டக்களப்பு.

பெறுபவர்:
வனசீவராசிகள் பொறுப்பு உத்தியோகத்தர் அவர்கள்,
வட்டாரக் காரியாலயம்.

(இம்மனு எமது கிராமச் சங்கத்தின் ஊடாக அனுப்பப்படவில்லை. அதற்கான காரணத்தை ஐயா வாசிக்கும்போதே அறிந்துகொள்வீர்கள்.)

விடயம்: எமது கிராமத்தில் ஆடுகளைக் கொன்றது சிறுத்தைப்புலியே என்பதை நேரில் வந்து பார்த்து உறுதி செய்யுமாறும், அக்குற்றத்துக்காகக் கட்டப்பட்டிருக்கும் எனது நாயை விடுவிக்க உதவுமாறும் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மேற்படி விலாசத்தில் தையல் வேலை செய்து வருபவள். கணவர் வாவியில் இறால் பிடிப்பவர். எங்களிடம் வீமன் என்றொரு நாய் உண்டு. பெயரைக் கேட்டு ஐயா பயப்படத் தேவையில்லை. அது குட்டியாக வந்தபோது வயிறு பெருத்திருந்ததால் மகள் ஜூலி வைத்த பெயர் அது. இப்போது அதற்கு வயதாகிவிட்டது. பாண் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால்தான் தின்னும். வருசப் பிறப்புக்கு வெடி கொளுத்தினால் எனது தையல் மெசினுக்குக் கீழே போய்ப் படுத்துவிடும். அதை வெளியே எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

2. எனது பக்கத்து வளவில் கண்ணகை அக்கா இருக்கிறார். கணவரை இழந்தவர். ஆடு வளர்த்துத்தான் சீவியம். கடந்த ஆவணியில் ஒரு விடியற்காலை அவருடைய ஆட்டுக்கொட்டிலில் ஒரு மறியாடு கழுத்துக் கடிபட்டுச் செத்துக் கிடந்தது. சிறிது காலத்தின் பின் இன்னொன்று செத்தது. இரண்டாம் முறை கொட்டிலுக்குப் பக்கத்தில் வீமன் நின்றது உண்மை. அதன் வாயில் இரத்தம் இருந்ததும் உண்மை. நான் ஒன்றையும் மறைக்கவில்லை ஐயா. ஆனால் இறைச்சி கிடந்தால் எந்த நாய்தான் மோந்து பார்க்காமல் போகும்? தலையில்லாத மீன் கிடந்தால் பூனைதான் தலையை வெட்டியது என்று நாங்கள் சொல்வதில்லையே.

3. நான் தங்கள் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்து, இது சிறுத்தையாக இருக்குமோ என்று கேட்டேன். தாங்கள் இரக்கப்பட்டு எழுத்தில் பதில் அனுப்பினீர்கள். அதற்கு நன்றி. அதில், இப்பகுதியில் சிறுத்தைப்புலிகள் நீண்ட காலமாக இல்லை என்றும், இது நாய்களின் செயலாக இருக்கலாம் என்றும் இருந்தது. அந்தக் கடிதத்தைச் சங்கத் தலைவர் திரு. இராசதுரை அவர்கள் கூட்டத்தில் உரத்து வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெரிய கந்தோரிலேயே சொல்லிட்டாங்க, நாய்தான். ருசி கண்ட நாய் இனி விடாது" என்றார். வீமனைப் பொதுநோக்கு மண்டபத்தின் பின்னால் சங்கிலியில் கட்டிவைப்பது என்றும், வருகிற பௌர்ணமிப் போயாக் கூட்டத்துக்குப் பின் அப்புறப்படுத்துவது என்றும் தீர்மானம் எடுத்தார்கள். அப்புறப்படுத்துவது என்றால் என்ன என்று நான் கேட்டேன். மருந்து வைப்பது பற்றிப் பின் வரிசையில் பேசியது என் காதில் விழுந்தது.

4. வீமன் சங்கிலியில் இருந்தபோதே மூன்றாவது ஆடு போனது. அது கண்ணகை அக்கா பால் போத்தலில் வளர்த்த கிடாய். கொட்டிலில் அதைக் காணவில்லை. குளக்கட்டில் மாடு சாய்க்கப் போனவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அது மருத மரத்தின் கவட்டில், இரண்டு ஆள் உயரத்தில், காய வைத்த சேலை போலத் தொங்கியது. ஐயா, கோழி கூரையில் ஏறினாலே குரைத்துவிட்டு விட்டுவிடுகிற கிழட்டு நாய், கிடாயைக் கவ்விக்கொண்டு மரமேறி, கவட்டில் பக்குவமாக வைத்துவிட்டு, இறங்கி வந்து தானே சங்கிலியை மாட்டிக்கொண்டது என்று தங்கள் காரியாலயம் கருதுமானால், அதையும் எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

5. இத்துடன் என் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தீரவில்லை. நாயைக் காப்பாற்றுவதற்காக நானே ஆட்டைக் கொன்று மரத்தில் ஏற்றிவிட்டேன் என்று ஊரில் கதை கிளம்பியது. எனக்கு முழங்கால் வருத்தம். கோயில் படி ஏறினாலே திருப்பலி முடியும்வரை குந்தியிருப்பேன். அந்தக் கிடாயைக் கீழே இறக்குவதற்கே இரண்டு இளந்தாரிகள் கயிறு போட்டு இழுத்தார்கள். இவ்வளவையும் கண்ணால் பார்த்தவர்களே அந்தக் கதையைக் கடையில் இருந்து கதைக்கிறார்கள் ஐயா. எனக்குக் கோபம் வருகிறது. அதைவிட வெட்கமாக இருக்கிறது. சட்டை தைக்கக் கொடுத்தவர்கள்கூடத் துணியைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள்.

6. வயல் வட்டையில் காவல் இருக்கும் திரு. திவாகரன், வாய்க்காலைக் கடந்து சிறுத்தை போனதை விடிகிற நேரத்தில் கண்டிருக்கிறார். "பூனை மாதிரித்தான் நடந்தது. எண்ட பக்கம் திரும்பியும் பாக்கல்ல" என்று எனக்குச் சொன்னார். ஆனால் அவர் மாலையில் கொஞ்சம் குடிப்பவர் என்பதால் விடியற்காலையில் கண்டதையும் ஊர் நம்பாது. ஆகவே கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். இம்முறை விதைப்புக்குக் காட்டுப்பன்றி இறங்கவில்லை என்பதை மட்டும் வட்டையில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஏன் இறங்கவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை.

7. ஐயா, நான் சிறுத்தையின் மேல் முறைப்பாடு செய்யவில்லை. அதைக் கூடு வைத்துப் பிடித்துக்கொண்டு போகும்படியும் கேட்கவில்லை. அது பசிக்குத் தின்றது. யுத்தத்துக்கு முன்னர் இந்தப் பக்கம் சிறுத்தை இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு செல்லடியும் வெடிச் சத்தமும் வந்து, மானும் மரையும் போய், அதுவும் போய்விட்டது. இப்போது விடுபட்ட காணிகளில் பற்றை வளர்ந்து காடாகிவிட்டது. மான் வந்தது, பன்றி வந்தது, பின்னால் அதுவும் வந்திருக்கிறது. இல்லை என்று கடிதத்தில் எழுதியிருப்பது அதற்குத் தெரியாது.

எங்களுக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. இடம்பெயர்ந்து முகாமில் கிடந்து திரும்பி வந்தபோது, வீரையடிச்சேனையில் குடியிருப்பு இல்லை, ஆகவே நிவாரணமும் இல்லை என்று ஒரு மேசையில் சொன்னார்கள். நாங்கள் அந்த மேசைக்கு முன்னால்தான் நின்றோம். ஜூலி அப்போது கைக்குழந்தை. முகாமுக்குப் போகும்போது என்னால் நடக்க முடியாமல் போக, அவளை வழி நெடுகத் தூக்கிக்கொண்டு நடந்தவர் கண்ணகை அக்காதான். பிறகு ஒரு உத்தியோகத்தர் தானாகவே மோட்டார் சைக்கிளில் வந்து, எங்கள் அடுப்பையும் கிணற்றையும் கொடியில் காய்ந்த துணியையும் பார்த்துவிட்டு, ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் செபத்தில் அவரை நினைப்பேன்.

8. கிடாய் போன நாளிலிருந்து நேற்று வரை கண்ணகை அக்கா என்னோடு கதைக்கவில்லை. கிணற்றடியில் நான் நின்றால் வாளியை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஊர் சொன்னதுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை ஐயா. அவரும் நம்பிவிட்டார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

9. நேற்றுக் காலை அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். போனேன். கொட்டிலுக்குப் பின்னால், ஈர மண்ணில், துணி ஊறவைக்கும் அலுமினியப் பேசின் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே கல். அவர் கல்லை எடுத்துப் பேசினைத் தூக்கிக் காட்டினார். கீழே ஒரு காலடி. எனது உள்ளங்கை அகலம் இருக்கும். நாயின் அடியில் நகம் பதியும் ஐயா. இதில் நகம் பதியவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மேர்லின், எண்ட ஆட்டத் திண்டது ஒண்ட நாயில்ல. ஊராக்கள் சொன்னத்த நானும் கேட்டுட்டன். மழ வரப்போகுது. கந்தோர்ப் பெரியவர வந்து பாக்கச் சொல்லி எழுது கா." அதன் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். இது மனுவுக்குத் தேவையில்லாத விடயம், மன்னிக்கவும்.

10. ஆகையால் ஐயா அவர்கள் தயவுசெய்து போயாவுக்கு முன்னர், இயலுமானால் மழைக்கு முன்னர், நேரில் வந்து அந்தக் காலடியைப் பார்க்க வேண்டும். பார்த்ததை இரண்டு வரியில் எழுதித் தந்தால் போதும், வீமனை அவிழ்த்துவிடுவார்கள். திரு. இராசதுரை அவர்கள் தங்கள் கடிதத்தை வாசித்துத்தான் அதைக் கட்டினார். வாசித்தே அவிழ்க்கட்டும். ஆட்டுக்கொட்டிலை எப்படி அடைப்பது என்று ஊராருக்குச் சொல்லித் தந்தால் கண்ணகை அக்காவின் மிச்ச ஆடுகளும் பிழைக்கும். கம்பிச் சுருக்கு வைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை தாங்கள் சொன்னால் அந்தச் சீவனும் பிழைக்கும். நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

வழி தெரியாவிட்டால் குளக்கட்டில் யாரிடமும் கேட்கலாம். தயவுசெய்து சுணங்க வேண்டாம். கண்ணகை அக்காவிடம் இருப்பது அந்த ஒரு பேசின்தான். அடியை விட்டு அதை எடுக்க மனமில்லாமல், ஊறவைத்த துணியைச் சோற்றுப் பானையில் போட்டு வைத்திருக்கிறார்.

தங்கள் வருகையை எதிர்பார்த்து,

மேர்லின் றொனால்ட்

ஆடுகளின் சொந்தக்காரி, நானும் இதற்குச் சம்மதம்:
க. கண்ணகை

இடம்: வீரையடிச்சேனை
திகதி: 05.11.2024